பின்கட்டில் பன்னிரண்டு மிளகாய்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இருபதடிக்குப் பன்னிரண்டடி இடம் இருக்கிறது. போன வருடம் குடைமிளகாய், ஹலபேனோ, ஹபனேரோ மூன்றையும் அருகருகே வைத்தேன், நன்றாகக் காய்த்தன. அந்தக் காய்களில் எடுத்த விதையை இந்த வருடம் போட்டேன். குடைமிளகாய் விதையில் வந்த செடி சின்னதும் கூருமாக, நாக்கைச் சுட்டெடுக்கிற காரத்தோடு காய்க்கிறது. ஹபனேரோ விதை பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. இப்போது பன்னிரண்டு வகை விதை சேர்த்திருக்கிறேன். கார மிளகாய் பக்கத்தில் நின்றால் குடைமிளகாய்க்கும் காரம் ஏறிவிடுமா? எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்கலாமா? வெயில் ஏறினால் பூ கொத்துக் கொத்தாக உதிர்கிறதே, என்ன செய்வது?

பதில்: காரம் ஏறுமோ என்ற பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பக்கத்தில் எத்தனை கார மிளகாய் நின்றாலும், குடைமிளகாய்ச் செடி அந்தப் பருவத்தில் காய்க்கிற காயில் காரம் ஏறாது. மிளகாயில் காரம் உண்டாகிற இடம் விதை இல்லை, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைச் சவ்வு. பழுத்த ஹபனேரோ ஒன்றை நெடுக்காக வகுந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அந்தச் சவ்வின்மேல் மஞ்சளாக எண்ணெய் துளிர்த்ததுபோல மினுங்கும். காரத்தைத் தருகிற காப்சைசின் என்ற பொருள் அங்கேதான் சுரக்கிறது. தோல், சதை, சவ்வு மூன்றும் தாய்ச்செடியின் உடம்பு. எந்தப் பூவின் மகரந்தம் வந்து விழுந்தாலும் அவை மாறுவதில்லை. மாறுவது விதைக்குள் இருக்கும் கரு மட்டும்.

அந்த மாற்றத்தைத்தான் இந்த வருடம் நீங்கள் பார்த்தீர்கள். மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனாலும் தேனீ விடுமா? போன வருடம் அது குடைமிளகாய்ப் பூவுக்கு அயல் மகரந்தம் கொண்டுவந்திருக்கிறது. காரம் ஓங்கு பண்பு, காரமின்மை ஒடுங்கு பண்பு. அதனால் தாய் குடைமிளகாயாகவே இருந்தாலும் தகப்பன் காரமானதாக இருந்தால் பிள்ளைச் செடி காரமாகத்தான் வரும். தகப்பன் உங்கள் ஹலபேனோ என்றே நினைக்கிறேன். ஹபனேரோவைவிட அதைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. அந்தக் காரணத்திலேயே உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் விடை இருக்கிறது.

நாம் மிளகாய் என்று ஒரே பெயரில் சொன்னாலும், பயிராகிறவை ஐந்து தனித்தனி இனங்கள். பன்னிரண்டு பொட்டலங்களையும் மேசையில் கொட்டி, நிறம், காரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு இனவாரியாகப் பிரியுங்கள். குடைமிளகாய், ஹலபேனோ, செரானோ, கேயேன் எல்லாம் கேப்சிகம் ஆன்னுவம். ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட், டிரினிடாட் ஸ்கார்பியன், கரோலினா ரீப்பர் போன்றவை சைனென்சே. பூத் ஜோலோக்கியாவையும் இந்தக் குவியலிலேயே வையுங்கள். டபாஸ்கோ, காந்தாரி போன்றவை ஃப்ரூட்டசென்ஸ். அஹி அமரில்லோவும், மணிபோல் தொங்கும் பிஷப்ஸ் கிரவுனும் பக்காட்டம். ரொக்கோட்டோ பியூபசென்ஸ்.

பொட்டலத்தில் இனப்பெயர் இல்லையென்றால் பூ சொல்லிவிடும். காலையில் ஒரு பூவை நிமிர்த்திப் பாருங்கள். கணுவுக்கு ஒன்றாக, மாசற்ற வெள்ளையில் இருந்தால் பெரும்பாலும் ஆன்னுவம். ஒரே கணுவில் இரண்டு மூன்று பூக்கள் பச்சை கலந்த வெளிர் வெள்ளையில் தொங்கி, காய் பிடித்தபின் காம்பு சேருமிடத்தில் நூல் கட்டி இறுக்கியதுபோல ஒரு வளையம் தெரிந்தால் சைனென்சே. வெள்ளை இதழின் அடியில் மஞ்சளோ பச்சையோ பொட்டு வைத்ததுபோல இருந்தால் பக்காட்டம். ஊதாப் பூ, மயிர் படர்ந்த இலை, கறுப்பு விதை மூன்றும் சேர்ந்திருந்தால் ரொக்கோட்டோதான், வேறெதுவும் இல்லை.

இந்தப் பிரிப்பு வெறும் தாவரவியல் ஆசைக்காக இல்லை. விதைக்கும் நாள், வெயிலின் அளவு, எது எதோடு கலக்கும் என்பது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒரே இனத்துக்குள் கலப்பு சுலபம், ஆகவேதான் ஹலபேனோமேல் சந்தேகம். ஆன்னுவம், சைனென்சே, ஃப்ரூட்டசென்ஸ் மூன்றும் தங்களுக்குள் ஓரளவு கலக்கும். பக்காட்டம் அவற்றோடு அவ்வளவு எளிதில் சேராது. ரொக்கோட்டோ எதனோடும் சேராமல் தனியாகவே நிற்கும்.

இனி விதைப்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாதீர்கள். ஆன்னுவம் விதை சூடு சரியாக இருந்தால் 7 முதல் 14 நாளில் தலைகாட்டும். சைனென்சே இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் எடுக்கும், சில வகைகள் அதையும் தாண்டும். எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பன்னிரண்டாம் நாள் பொறுமையிழந்து தட்டைக் கிளறியிருந்தால், முளைக்க இருந்த விதையைத்தான் கலைத்திருப்பீர்கள். இன்னொரு காரணமும் இருக்கலாம். முழுதும் பழுக்காத செங்காயில் எடுத்த விதை பாதிதான் முளைக்கும். காய் முழு நிறம் ஏறி, கொஞ்சம் தளர்ந்தபிறகு எடுத்த விதையே முற்றின விதை.

மண்ணின் சூடு 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அறையின் சூட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஈரத் தட்டு அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தே இருக்கும். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, பிழிந்த துணியின் ஈரம் போதுமென்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வந்து, முளைத்த கன்று மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாயும். சில கன்றுகள் விதைத்தோலைத் தொப்பிபோல மாட்டிக்கொண்டே எழும்பும். பிய்த்து எடுக்காதீர்கள், வித்திலை அதோடு கிழிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒருமணி நேரம் ஊறவிட்டால் தானே வழுகி விழும்.

நாற்றை வெளியே நடும் நாளை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். ஆன்னுவத்துக்கு 6 முதல் 8 வாரம், சைனென்சேவுக்கும் ரொக்கோட்டோவுக்கும் 10 முதல் 12 வாரம். நட்ட பிறகும் இந்த இடைவெளி தொடரும். ஹலபேனோ 70, 80 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். ஹபனேரோவும் ரீப்பரும் பழுக்க 100, 120 நாள்கூடப் பிடிக்கும். ஒரே நாளில் விதைத்தவர்கள் காரமானவை காய்க்கவில்லை என்று குறைப்படுவது இதனால்தான். அந்தச் செடிகள்மேல் தப்பே இல்லை.

உங்கள் இடத்துக்கு வகைக்கு இரண்டு செடி, மொத்தம் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர், கை நுழையவும் காற்று ஓடவும் நடுவில் ஒரு பாதை. ரீப்பர் வகையில் ஒன்றே ஒரு வீட்டுக்கு வருடம் முழுக்கப் போதும். இரண்டாவது செடி, முதலாவது போய்விட்டால் கைகொடுக்க மட்டுமே. ஆன்னுவத்துக்கு நாள் முழுக்க வெயில் கொடுங்கள். சைனென்சே அமேசான் படுகையின் ஈரச் சூட்டில் பழகிய இனம், பிற்பகல் வெயிலில் கொஞ்சம் நிழல் விழுந்தால் அதற்கு நல்லது. 1776இல் ஜாக்குவின் என்ற தாவரவியலாளர் இதற்குச் சீனப் பெயரை வைத்தது அது சீனாவிலிருந்து வந்ததென்று தவறாக எண்ணியதால்தான். ரொக்கோட்டோ ஆண்டிஸ் மலையின் குளிரில் வளர்ந்தது. கடும் வெயில் இடத்தில் அதை வைத்தால் இலை தழைக்கும், காய் பிடிக்காது. உங்கள் இடம் சூடானதென்றால் அந்தப் பொட்டலத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. தக்காளி, கத்தரி, உருளை எல்லாம் இதே குடும்பம். போன வருடம் அவை நின்ற மண்ணில் மிளகாய் வைக்காதீர்கள், மண்ணில் தங்கிய நோய் அப்படியே இதற்கும் தொற்றும். தொட்டியில் வளர்ப்பதானால் சைனென்சேவுக்கு 15 முதல் 20 லிட்டர் வேண்டும், அதைவிடச் சிறியதில் வேர் சுருண்டுவிடும்.

பூ உதிர்வதுபற்றி. பகலில் 32 முதல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியம் இழக்கிறது, செடி பூவைக் கழித்துவிடுகிறது. இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதைதான். பூ உதிர்வதைப் பார்த்துப் பதறி உரத்தைக் கொட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு. தழைச்சத்து மிகுந்தால் இலை கறுத்துத் தழைக்கும், பூ இன்னும் உதிரும். முப்பது சதவீத நிழல்வலை, மண்ணுக்கு மூடாக்கு, காலையில் ஆழமாக ஒரு நீர்ப்பாய்ச்சல். இவற்றைச் செய்துவிட்டுப் பொறுத்திருங்கள், இரவு குளிர்ந்ததும் அதே செடி கொத்தாகப் பிடிக்கும். நீர் ஒருநாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று போனால் காயின் நுனியில் கறுத்த தோல்போன்ற அழுகல் விழும். மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும், நீர் சீராகக் கிடைக்காமல் அது காய்க்குப் போய்ச் சேராததே பெரும்பாலும் காரணம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வகை சேர்ந்த கொல்லையில் இது வராமல் போகாது. இலை சுருண்டதும் எல்லோரும் வைரஸ் என்று செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று, சுருண்ட திசையைப் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து இலை படகுபோல ஆனால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த படகுபோல ஆகி, இலைக்காம்பு நீண்டு, நுனி இலை தடித்துக் கரகரப்பாக இருந்தால் சிலந்திப்பேன். பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இலையடியில் அதுகள் ஊர்வதை நேரில் பார்க்கலாம். இலைப்பேனுக்கு இலையடியில் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மாலையில் வெயில் இறங்கியபின் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது திரவச் சோப்பும் கலந்து தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் நன்றாகக் கேட்கும். ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளோ, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளிலோ கந்தகம் தெளித்தால் இலை பொசுங்கிவிடும். இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் படர்ந்து செடி குட்டையாக நின்றுவிட்டால் அதுதான் வைரஸ். அதை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

அடுத்த வருடத்துக்கு விதை வேண்டுமென்றால், ஒவ்வொரு வகையிலும் ஒரு கிளையை மட்டும் காப்பாற்றினால் போதும். மொட்டு விரியும் முன்பே அந்தக் கிளைக்கு மெல்லிய வலைப்பை கட்டி வாயைச் சுருக்குங்கள். பூ விரிந்ததும் முற்பகலில் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால், மகரந்தப்பையிலிருந்து மாவுபோல உதிர்ந்து தன் சூலகமுடியிலேயே விழும். பட்டாணி அளவு காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். நூல் கட்டிய காய் மட்டுமே விதைக்கு. நிழலில் உலர்த்தி, வளைத்தால் ஒடியும் பதம் வந்தபின் காகித உறையில் போட்டு, வகைப் பெயரோடு இனப்பெயரும் ஆண்டும் எழுதுங்கள். குளிர்ந்த உலர்ந்த இடத்தில் 3 வருடம் நன்றாக முளைக்கும்.

கையுறை இல்லாமல் சைனென்சேவை வகுந்துவிடாதீர்கள். காரத்தை அளக்கிற ஸ்கோவில் அளவில் ஹலபேனோ 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ 1 லட்சத்திலிருந்து 3.5 லட்சம். ரீப்பர் சராசரி 16 லட்சத்துக்கு மேல். ஹலபேனோ வகுந்து பழகிய கை இதையும் அப்படியே எடுத்துவிடும், பிறகு கண்ணைத் தொட்டால் வேதனை சொல்லி முடியாது. காப்சைசின் தண்ணீரில் கரையாது. முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். வாய் எரிந்தால் பால்.

கடைசியாக, இந்த வருடம் உங்களிடம் நிற்கிற அந்தக் கலப்புச் செடி. பிடுங்கிவிட நினைத்திருப்பீர்கள், வேண்டாம். காயின் உருவமோ மணமோ பிடித்திருந்தால் அதற்கும் ஒரு வலைப்பை கட்டுங்கள். அந்த விதையில் எட்டுச் செடி வைத்தால் எட்டும் எட்டு விதமாக வரும். ஏறக்குறைய நாலில் ஒன்று காரமே இல்லாமல்கூட வரலாம். பிடித்த ஒன்றை மட்டும் வருடா வருடம் பை கட்டி விதையெடுத்துக்கொண்டே வந்தால், ஆறேழு தலைமுறையில் அது ஒரே மாதிரி காய்க்கத் தொடங்கும். அதற்குள் அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பீர்கள்.