ஏகே-47 ஜெர்மன் துப்பாக்கியின் நகலா?

கேள்வி: 2017-ல் மாஸ்கோவில் திறந்த, ஏகே-47-ஐ வடிவமைத்த கலாஷ்னிகோவின் சிலையில் ஜெர்மன் துப்பாக்கியின் வரைபடம் பொறிக்கப்பட்டிருந்ததாமே? அப்படியென்றால் ஏகே-47 அதன் நகல்தானா?

சிலை விஷயம் உண்மைதான். அங்கே இருந்த உலோகத் தகட்டில் எஸ்டிஜி 44 என்ற அந்த ஜெர்மன் துப்பாக்கியின் பாகங்கள் தவறுதலாக இடம்பெற்றுவிட்டன. விவரம் தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டியதும் சில நாட்களில் அந்தப் பகுதியை அறுத்து எடுத்தார்கள். அது சிலை செய்தவர்களின் பிழை. அதை வைத்துத் துப்பாக்கியே நகல் என்று முடிவு கட்டுவது அநியாயம்.

நான் பல வருடங்களாக பிரஸ் டூல் வேலை பார்க்கிறேன். தகட்டை அச்சில் வைத்து அடித்துப் பாகம் செய்யும் தொழில். அதனால் இந்தக் கேள்வியில் என் கண் முதலில் போவது தகட்டின் மேல்தான். அதற்கு முன் மற்ற மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். வளைந்த மேகஸின் (தோட்டாப் பெட்டி), குழலுக்கு மேலே வாயுக் குழாய். உள்ளே திறந்தால் கதை வேறு. ஜெர்மன் துப்பாக்கியில் போல்ட் (சுடும்போது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) சாய்ந்து பூட்டிக்கொள்ளும். ஏகே-யில் போல்ட்டின் தலை திரும்பிப் பூட்டும். இந்த முறை ‘எம்1 கேரண்ட்’ என்ற அமெரிக்கத் துப்பாக்கிக்குத்தான் நெருக்கம். பிரித்துச் சுத்தம் செய்யும் விதமும் வேறு: ஜெர்மன் துப்பாக்கியில் தோளில் வைக்கும் பின்கட்டையைக் கழற்றி, கீழ்ப்பாகத்தைக் கீல் போல மடக்கித் திறக்க வேண்டும்; ஏகே-யில் மேல் மூடியை எடுத்தால் போதும்.

ஆனால் ஒரு கடன் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கடன் தோட்டாவில். 1891-லிருந்து ரஷ்யர்களிடம் இருந்த ரைஃபிள் தோட்டா, கையில் பிடித்துத் தொடர்ந்து சுடும் துப்பாக்கிக்கு மிகவும் பலமானது. பிஸ்டல் தோட்டாவோ தூரம் போகாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றை ஜெர்மனி முதலில் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தது. கைப்பற்றிய அந்தத் தோட்டாக்களை 1943-ல் மாஸ்கோவில் ஆராய்ந்த பிறகுதான் சோவியத்தின் 7.62 மி.மீ. குட்டைத் தோட்டா உருவானது. இதிலும் ஜெர்மானியர்களைப் போலவே ஒன்று செய்தார்கள். செம்பை மிச்சப்படுத்த உறையைப் பித்தளைக்குப் பதில் எஃகில் செய்து, துருப்பிடிக்காமல் அரக்குப் பூச்சு கொடுத்தார்கள். சுட்டபின் எஃகு பித்தளை அளவுக்குச் சுருங்கி விலகாது, தோட்டா அமரும் குழலறையில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். உறை நன்றாகக் கூம்பி இருந்தால் கொஞ்சம் இழுத்ததுமே விடுபடும். ஏகே மேகஸின் வாழைப்பழம் போல வளைந்திருப்பதே இந்தக் கூம்பலால்தான். துப்பாக்கி சிக்கிக்கொள்ளாததற்குப் பாதிப் பெருமையை நான் தோட்டாவுக்குக் கொடுப்பேன்.

அடுத்து, எஸ்டிஜி வடிவமைப்போடு தொடர்புடைய ஹ்யூகோ ஷ்மைஸர். 1946-ன் இறுதியில் சோவியத்காரர்கள் அவரை ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகருக்குக் கொண்டுபோனார்கள், 1952 வரை அங்கே இருந்தார். ஏகே பெருமளவில் தயாரானதும் அதே ஊரில்தான். நகல் என்று சொல்பவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் கலாஷ்னிகோவ், அலெக்சாந்தர் ஸைத்செவ் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து, 1947-ல் துப்பாக்கியை மாற்றி அமைத்தது தொலைவில் இருந்த கொவ்ரோவ் ஊரில்.

சரி, இப்போது தகடு. எஸ்டிஜியின் உடலே (உள் பாகங்களைத் தாங்கும் கூடு) அச்சில் அடித்த தகடுதான். அந்தத் தொழிலில் ஜெர்மானியர்கள் கெட்டிக்காரர்கள். 1949-ல் ஏகே படையில் ஏற்கப்பட்டபோது அதன் உடலும் தகடாகத்தான் இருந்தது. ஆனால் கழிவாகிப்போனவை ஏராளம். வளைத்த தகடு அச்சை விட்டு வந்ததும் சற்றே பழைய நிலைக்குத் திரும்பும். அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சைச் செதுக்க வேண்டும். ஒரு அச்சு சரியாக வர நாங்கள் வாரக்கணக்கில் போராடியதுண்டு. அதனால் அவர்கள் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. கடைசியில் தகட்டை விட்டுவிட்டு, முழு எஃகுக் கட்டியை மில்லிங்கில் குடைந்து உடல் செய்தார்கள். எஃகில் பெரும்பகுதி சீவலாகப் போகும், வேலையும் பல மடங்கு. ஷ்மைஸர் அதே இஷெவ்ஸ்கில் இருந்த காலத்தில்தான் இந்தத் திண்டாட்டம். எல்லாம் அவர் கைவேலை என்றால், எஸ்டிஜியில் கைவந்த இந்த ஒன்று மட்டும் எப்படித் தவறியிருக்கும்?

பத்து வருடம் கழித்து, 1959-ல் ஏகே-யின் மேம்பட்ட வடிவமான ஏகேஎம் வந்தபோதுதான் தகடு சரியானது. ஏறக்குறைய 1 மி.மீ. தகட்டை ‘ப’ வடிவில் மடித்து, முன்னும் பின்னும் கனமான எஃகுத் துண்டுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள். துப்பாக்கியின் எடையும் நன்றாகக் குறைந்தது.

அடுத்த முறை படத்தில் பார்த்தால் மேகஸினுக்கு மேலே கவனியுங்கள். நீளமான பள்ளம் இருந்தால் மில்லிங் செய்தது. சின்னக் குழிவு மட்டும் இருந்தால் தகடு.