நாற்பது பெயர்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். எங்கள் அறையில் சனிக்கிழமை இரவுகளில் பதினாறு பேர் கூடி ஜெபிக்கிறோம். இரண்டு வருடமாக நடக்கிறது. இதையே ஒரு சபையாகத் தொடங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்கர்களின் காணொளிகள்தான் வருகின்றன. தொடக்க நாளுக்கு முன்பே சபைக்குப் பெயர், லோகோ, மேடை விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் தயாராக வேண்டும் என்கிறார்கள். கணக்குப் போட்டால் மூன்றரை லட்சம் வருகிறது. கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படுகிறவை இணையத்தில் என்ன இருக்கின்றன? உற்சாகம் தரும் முன்மாதிரி ஏதாவது சொல்வீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கடன் வாங்காதீர்கள். மற்றதைப் பேசலாம்.

முன்மாதிரி கேட்கிறீர்கள். சாத்தான்குளத்துக்காரருக்கு நான் அமெரிக்காவைக் காட்ட வேண்டியதில்லை. கால்டுவெல் 1881இல் திருநெல்வேலி மிஷனின் தொடக்க கால வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் தடுமாறினால் அகராதியை வைத்துக்கொண்டாவது முதல் பகுதியைப் படித்துவிடுங்கள். 1780ஆம் ஆண்டு பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பற்றி அதில் வரும். மொத்தம் நாற்பது பேர். பட்டியலின் முதல் பெயர் குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்தவர் என்பதால் முதலில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டவர். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல், ஜெர்மன் மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் அது அவருக்குக் கிடைத்தது. அவருக்குக் கீழே மற்றவர்கள். பல சாதியார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஆண்டுகளை. பட்டியல் 1780. இன்றும் ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொல்கிற அந்த ஆலயம் எழுந்தது 1785. இடையில் ஐந்து ஆண்டுகள் அங்கே ஒரு சபை இருந்தது, கோயில் இல்லை. முழுநேர ஐயரும் (குருவானவரும்) இல்லை. குளோரிந்தா அம்மையார் தஞ்சாவூர் வரை பயணம் போய், எங்களுக்கு ஓர் உபதேசியாரை, வேதம் கற்றுத்தருபவரை, அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். அன்றைய சாலைகளில் அது எத்தனை நாள் பயணம் என்று யோசித்துப் பாருங்கள். அப்படித்தான் சத்தியநாதன் என்ற உபதேசியார் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1790இல் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது.

அந்தக் காணொளிகள் சொல்கிற வரிசை இதற்கு நேர் தலைகீழ். மேடை, விளக்கு, பெயர்ப்பலகை, அப்புறம் ஆட்கள். நான் குடியிருக்கும் தெருவிலேயே அப்படி ஒன்று தொடங்கியது. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். முதல் ஞாயிறு இருநூறு பேருக்குப் பிரியாணி. இரண்டாம் ஆண்டு முடிவில் அதை நடத்திய இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. காரணம் வேத வசனத்துக்கு யார் சொன்ன விளக்கமும் அல்ல. கீபோர்டும் மிக்ஸரும் யார் பெயரில் பில் போடப்பட்டன என்பது. கடைசியில் ஒரு மினி லாரி வந்து பாதிச் சாமானை ஏற்றிப் போனது. வந்துகொண்டிருந்த கிழவிகளில் ஒருத்தி என்னிடம், "தம்பி, இனிமேல் நான் எங்கே போவது?" என்று கேட்டாள். அவள் பெயர் அந்த இருவரில் ஒருவருக்கும் தெரியாது என்று பிறகு அறிந்தேன்.

என் தாத்தா உபதேசியார். சேகரம் என்கிற திருச்சபை வட்டாரத்தில் பதினோரு சிற்றூர்கள் அவர் பொறுப்பு. அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் வாரங்கள். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டுப் பாடும்போது அவர் பாட மாட்டார், தலைகளை எண்ணுவார். வராதவர் பெயருக்கு நேரே புள்ளி வைப்பார். திங்கட்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளைத் தேடிப் போவார். சில புள்ளிகளுக்குப் பக்கத்தில் "காய்ச்சல்", சிலவற்றுக்குப் பக்கத்தில் "மருமகள் சண்டை", ஓரிடத்தில் "சேலை இல்லை". அந்த வாரம் பாட்டியின் பெட்டியிலிருந்து ஒரு சேலை காணாமல் போனது பாட்டிக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? தாத்தாவின் பிரசங்கங்களில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. அவர் சுமாராகத்தான் பேசுவார் என்று அம்மா சொல்வாள்.

இனி இணையம். கிடைப்பவற்றில் எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

துரா யூரோபோஸ் என்று தேடுங்கள். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த நகரம். கிறிஸ்தவர்கள் கூடி வழிபட்ட வீடுகளில், இதுதான் என்று அடையாளம் கண்டு தோண்டியெடுத்தவற்றில் மிகப் பழையது அங்கேதான் கிடைத்தது. சுவரோவியங்களை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் எடுத்துப் போய் வைத்திருக்கிறது. படங்கள் இணையத்தில் உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் அது மற்ற வீடுகளைப் போன்ற ஒரு வீடுதான். கி.பி. 240களில் உள்ளே ஒரு மாற்றம் செய்தார்கள்: இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கினார்கள். இன்னொரு சிறு அறையில் ஞானஸ்நானத் தொட்டி. அதன் சுவர்களில் ஆட்டைத் தோளில் சுமக்கிற மேய்ப்பன், கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கிற திமிர்வாதக்காரன், இன்னும் சில வேதக் காட்சிகள். அவ்வளவுதான் அலங்காரம். அதே நகர மதிலோரமாகவே யூதர்களின் ஜெபஆலயமும், ரோமர்கள் வணங்கிய மித்ரா என்ற தெய்வத்தின் கோயிலும் இருந்தன. 256 வாக்கில் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது மதிலைப் பலப்படுத்த அந்த வரிசையையே மண்ணால் நிரப்பிவிட்டார்கள். அந்த மண்தான் ஓவியங்களைக் காப்பாற்றித் தந்தது. கூடத்தில் எழுபது பேர் நெருக்கி உட்காரலாம் என்கிறார்கள். பதினாறு பேருக்கு நீங்கள் எந்தச் சுவரையும் இடிக்க வேண்டியதில்லை.

அடுத்து டிடாக்கே. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று பெயர். முதலாம் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும் சபை ஒழுங்கு. நூற்றாண்டுகளாகக் காணாமல் கிடந்து, 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு சுவடித் தொகுப்புக்குள் அகப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் இலவசம். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். ஊர் ஊராக வரும் ஊழியக்காரரை எப்படி நடத்துவது என்று அதில் ஒரு பகுதி. ஒரு நாள் தங்கட்டும், தேவையென்றால் இரண்டாம் நாளும் தங்கட்டும், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்கலுக்குத் தேவையான அப்பத்தைத் தவிர எதுவும் வாங்கக் கூடாது. பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி. அங்கேயே குடியேற விரும்புகிறவன் தொழில் தெரிந்தவனாக இருந்தால் உழைத்துச் சாப்பிடட்டும். இதை அச்சடித்து உங்கள் அறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். சபை தொடங்கிய செய்தி பரவியதும் சிறப்புப் பிரசங்கியார்கள் தொலைபேசியில் கூப்பிடத் தொடங்குவார்கள்.

வேதபாடத்துக்கு பைபிள் ப்ராஜெக்ட் குழுவின் தமிழ்க் காணொளிகள் பரவாயில்லை. சின்னச் சின்னவை, ஒவ்வொரு வேத புத்தகத்தின் அமைப்பையும் படம் போட்டுக் காட்டுகின்றன. பார்த்துவிட்டு நிறுத்தாமல், அந்தப் புத்தகத்தை உரக்க வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நடை உங்கள் நண்பர்களுக்குக் கடினமாக இருந்தால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இணையத்தில் இருக்கிறது.

சட்ட விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அறையில் பதினாறு பேர் கூடி ஜெபிப்பது வேறு, வழிபாட்டிடம் என்று கட்டடம் எழுப்புவது வேறு; இரண்டாவதற்கு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும். பொதுப் பணம் கைக்கு வரும் நாளில் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்யுங்கள், ஒருவர் பெயரில் எதையும் வாங்காதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பத்து மணிக்கு முன்பும் பதினாறு பேருக்கு ஒலிபெருக்கி எதற்கு?

இப்போது உங்களைச் சங்கடப்படுத்தும் கேள்வி. அந்தப் பதினாறு பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் சொந்த ஊரை எழுதுங்கள். எத்தனை பேர் உங்கள் ஊர்ப்பக்கத்தைத் தாண்டியவர்கள்? உங்கள் கடிதத்தைப் படித்தபோது, எல்லோரும் சாத்தான்குளமும் நாசரேத்தும் திசையன்விளையுமாகத்தான் இருப்பார்கள் என்று தோன்றியது. தவறாக இருந்தால் மன்னியுங்கள். ஊர்க்காரர்கள் வெளியூரில் ஒன்றாக ஜெபிப்பது நல்ல காரியம்தான். அதற்குப் புதுச் சபை என்று பெயர் வைப்பானேன்? நம் பக்கத்தில் சபைகள் ஊர் ஊராக, உறவு உறவாக வளர்ந்தன. அதனால் பலமும் வந்தது, கல்லறைத் தோட்டம்வரை போகிற சண்டைகளும் வந்தன. பல சாதியாரும் இருந்த அந்த 1780ஆம் ஆண்டின் பட்டியலை நாம் பிறகு அப்படியே திரும்ப எழுதவில்லை.

ஒரகடத்தில் உங்களோடு அதே வரிசையில் நின்று வேலை செய்கிற ஜார்க்கண்ட் பையன்களை யோசியுங்கள். ராஞ்சிக்கு ஜெர்மன் கோஸ்னர் மிஷன் வந்தது 1845இல். முண்டா, உராவோன் பழங்குடி மக்களிடையே அங்கே பல தலைமுறைச் சபைகள் உண்டு. உங்களுக்கு இடப்புறம் நிற்கிற பையன் சிறு வயது முதல் ஞாயிறு பள்ளிக்குப் போனவனாக இருக்கக்கூடும். இந்தியில் ஆராதனை எங்கே என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துணி துவைத்துக்கொண்டிருப்பான். நீங்கள் கேட்டுப் பார்த்ததுண்டா?

மொழிதானே தடை என்பீர்கள். சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். வெள்ளைக்காரர் கதை வேண்டாமென்றால் நம் வெள்ளாளன்விளை அசரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நெல்லைக்காரர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்கள். பிறகு அவரே அங்குள்ள தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்று, 1912இல் அங்கே ஆயரானார். உங்களுக்கு அவ்வளவு தூரம் போகிற வேலையில்லை. ஒரகடத்துக்கு ராஞ்சி தானாகவே வந்திருக்கிறது. இந்தி கற்க இலவசச் செயலிகளும் காணொளிகளும் எத்தனையோ. உங்கள் கேள்விக்கு நான் தருகிற இணைய வளங்களில் முதன்மையானது அதுதான் என்றால் சிரிப்பீர்கள்.

பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை எல்லோரும் தாண்டிப் போவார்கள், வெறும் பெயர்கள் என்று. இந்தச் சனிக்கிழமை அதை வாசியுங்கள். அதிலும் முதல் பெயர் ஒரு பெண், பெபேயாள். அடுத்து பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், கூடாரம் தைக்கிற தொழிலாளிகள். அவர்கள் வீட்டில்தான் சபை கூடியது. உங்கள் பதினாறில் எத்தனை பெண்கள் என்று நான் கேட்கவில்லை, ஆண்கள் தங்கும் அறை என்பதால். ஆனால் தொழிற்சாலையில் பெண்கள் விடுதி இருக்குமே?

பாட்டுக்கு இப்போதைக்குக் கைத்தாளம் போதும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் உங்கள் வீட்டுப் பாட்டுப் புத்தகத்திலேயே இருக்கும்.

அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்லூரிக் கூட்டத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை முடிகிறது. சனிக்கிழமை இரவு உங்கள் அறைக்கு வரலாமா? பேச அழைக்காதீர்கள், சாப்பாடு போடுங்கள், போதும். மூன்றாம் நாள் தங்க மாட்டேன்.

அன்புடன்.