கேள்வி – பதில்: மூன்று நட்சத்திரங்களுக்குக் கொடுத்தபின் மிச்சம் எவ்வளவு?

கல்லடி வாசகர்: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் 1984 முதலே சம்பள உச்சவரம்பு, அதாவது ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் எல்லை, இருக்கிறதாம். பிறகு எப்படி, 73 ஆட்டங்கள் வென்ற வொரியர்ஸ் அணிக்கு 2016இல் இன்னொரு பெரிய நட்சத்திரமான கெவின் டுராண்டும் போய்ச் சேர்ந்தார்?

புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் ஒரேயடியாகக் கணக்கில் வந்த வருடம் அது. உச்சவரம்பு 7 கோடி டொலரிலிருந்து 9 கோடி 41 இலட்சத்துக்குத் தாவியது. வொரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரியோ இன்னும் பழைய ஒப்பந்தத்தில், 1 கோடி 21 இலட்சத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்து டுராண்டுக்கு இடம் விட்டன. இப்போது வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உச்சவரம்பு ஏறாது.

கல்முனை வாசகர்: பணக்கார உரிமையாளர் வரியைக் கட்டிவிட்டு எத்தனை நட்சத்திரங்களையும் வைத்திருக்கலாமே?

2023 வரை ஓரளவுக்கு அப்படித்தான். சொந்த வீரரை உச்சவரம்பைத் தாண்டியும் வைத்துக்கொள்ள பழைய பொஸ்டன் நட்சத்திரம் லெரி பேர்டின் பெயரால் வழங்கும் விதிவிலக்கு உண்டு; செலவு மிக ஏறினால் லீக்குக்கு ஆடம்பர வரி கட்டினால் போதும். லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2023 ஒப்பந்தம், உச்சவரம்புக்கு மேலே ‘இரண்டாம் ஏப்ரன்’ என்ற கோட்டைக் கொண்டுவந்தது; அதைத் தாண்டினால் வரும் தடைகளைப் பணத்தால் தீர்க்க முடியாது. அதற்கு மேலே போன அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக்காட்டி ஒரு பெரிய வீரரை மாற்றி எடுக்க முடியாது. அனுப்பும் சம்பளத்தைவிடக் கூடுதலாக ஒரு டொலரும் திரும்ப எடுக்க முடியாது. வெளியாட்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மட்டுமே கொடுக்கலாம். புதிய வீரர்களைத் தெரிவுசெய்வதில் ஏழு வருடம் தள்ளியுள்ள முதற்சுற்று உரிமையும் வேறு அணிக்கு மாற்றிக்கொடுக்க முடியாமல் முடங்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025–26இல் உச்சவரம்பு 15 கோடி 46 இலட்சம், இரண்டாம் ஏப்ரன் 20 கோடி 78 இலட்சம். பத்து வருட அனுபவமுள்ளவரின் அதிகபட்சச் சம்பளம் உச்சவரம்பின் 35 சதவீதம், அதாவது சுமார் 5 கோடி 41 இலட்சம். அப்படி மூவரை எடுத்தால் 16 கோடி 24 இலட்சம் போய்விடும். கோட்டைத் தொடும்வரை மிச்சமுள்ள 4 கோடி 54 இலட்சத்தில் அணியின் மற்றப் பன்னிரண்டு பேரையும் எடுக்கவேண்டும். மூவரில் ஒருவருக்கு முழங்கால் போனால் பதிலுக்கு அதே தரத்தில் ஆள் எடுக்க வழியில்லை. டுராண்ட், புக்கர், பீல் மூவரையும் வைத்திருந்த பீனிக்ஸ் அணி 2024–25இல் 36 ஆட்டங்கள் மட்டும் வென்று, சம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஓஃப் சுற்றையே தவறவிட்டது. 2024 சம்பியனான பொஸ்டனோ மறுவருடமே ஹொலிடே, போர்சிங்கிஸ் என்ற இரு முக்கிய வீரர்களை விட்டுக்கொடுத்துக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. சொந்தமாக வளர்த்த வீரர்களும் இதனால் கைநழுவுகிறார்கள். இந்த விதியின் பெரிய குறை அதுதான் என்பேன்.

மட்டக்களப்பு வாசகர்: புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசுசபைக் குருமார் வளர்த்துவிட்ட ஆட்டம் இது. எங்கள் கழகங்களில் சம்பளமே இல்லை. ஆனால் நல்ல ஆட்கள் எல்லோரும் ஒரே கழகத்தில். என்ன செய்யலாம்?

பணத்துக்குப் பதில் புள்ளி வையுங்கள். சக்கரநாற்காலிக் கூடைப்பந்தில் வீரருக்கு 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக்கூடாது. அங்கே அது உடல் இயக்கத்துக்கான அளவு. நீங்கள் திறமைக்கு 1 முதல் 5 வரை கொடுத்து, ஐவருக்கு 17 என்று வைத்துப் பார்க்கலாம். சொந்தக் கழகத்தில் பத்தொன்பது வயதுக்குள் வளர்ந்தவருக்கு அரைப்புள்ளி குறையுங்கள். புள்ளியைக் கழகங்கள் தாங்களே இடக்கூடாது. எந்தக் கழகத்தையும் சேராத இரண்டு நடுவர்கள், பதிவு தொடங்குமுன் இட்டுப் பட்டியலை ஒட்டிவிடவேண்டும். பதிவுக்குப் பின் இட்டால் 5 புள்ளிக்காரர் 3 ஆகிவிடுவார், சண்டைதான் மிஞ்சும். ஒவ்வொரு ஆள்மாற்றத்திலும் ஸ்கோர் மேசையில் இருப்பவர் கூட்டிப் பார்க்கட்டும். 17ஐத் தாண்டினால் பயிற்றுநருக்கு டெக்னிக்கல் ஃபவுல்.