கல்லுக்கு என்ன வேலை? – சர்வேயர் பதில்கள்

(பழனிமலையில் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பத்தி எழுத்தாளர், மலையின் பழங்கற்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கே: எங்கள் காப்பித் தோட்டத்துக்கு மேலே மொட்டைப் பாறையில், மூன்று பக்கம் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் போட்டு மூடிய வீடு இருக்கிறது. குள்ளர்கள் குடியிருந்தது என்கிறார் அப்பா. கல்லூரியில் படிக்கும் மகன் கல்லறை என்கிறான். தினம் சாப்பாட்டு நேரத்தில் இதே பஞ்சாயத்து. யார் சொல்வது சரி?
– வாசகர், பண்ணைக்காடு

அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அடுப்பு எங்கே மூட்டினார்கள்?

நில அளவைச் சங்கிலி பிடித்து மலை ஏறிய காலத்தில் மழைக்கு இந்த வீடுகளுக்குள் ஒதுங்கியிருக்கிறேன். முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். திறந்த பக்கத்தில் சாரல் நேரே முகத்தில் அடிக்கும். மூடுகல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் கரி இல்லை, புகை படிந்த தடமும் இல்லை. பக்கத்தில் ஊற்று கிடையாது. காற்று அறைகிற பாறைச் சரிவு. கீழே நல்ல பள்ளமும் தண்ணீரும் இருக்க, புத்தியுள்ள எவனும் அங்கே குடித்தனம் போடமாட்டான். இடுப்புயரக் குள்ளர்கள் அத்தனை பெரிய கல்லைத் தூக்கினார்கள் என்றால் அவர்கள் பலத்துக்குக் கணக்கே இல்லை. கதையாகக் கேட்க எனக்கும் பிடிக்கும்.

குள்ளர் குகை, வாலியர் வீடு, பாண்டவர் வீடு என்று ஊருக்கொரு பெயர் சொல்வார்கள். புத்தகத்தில் கல்திட்டை என்று இருக்கும். செண்பகனூரிலிருந்த ஆங்லாட், நியூட்டன் என்ற இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள் இந்த மலையின் கல்திட்டைகளை நடந்து நடந்து பார்த்து எழுதியதை, இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் தனி நூலாகவே வெளியிட்டது. பிற்பாடு பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழ்ந்தபோது மட்கலங்களோடு சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லால் ஆன மணிகளும் கிடைத்தன. சூதுபவளம் இந்த மலையில் விளைகிற கல் இல்லை. ஏலமும் மிளகும் இறங்கிய வழியிலேயே அதுவும் ஏறி வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகவே சாவோடு சேர்ந்த இடம் என்பதில் மகன் பக்கம்தான் பலம். ஆனால் அவனும் ரொம்பத் துள்ள வேண்டாம். ஆளை நீட்டிப் படுக்க வைக்க அங்கே இடமே இல்லை. அடியில் பாறை, குழியும் தோண்ட முடியாது. உடலை வேறெங்கோ விட்டுவிட்டு, பிறகு எலும்பில் கொஞ்சம் பொறுக்கி வந்து வைத்தார்களா, எதுவும் வைக்காமல் பெயருக்கு ஒரு வீடு எடுத்தார்களா என்பதுதான் இன்றைக்கும் ஓடுகிற வழக்கு. உள்ளே எலும்பு இல்லையே என்று வாதாடினால் நிற்காது. நம் மலை மண் புளிப்பு மண், எலும்பைத் தின்றுவிடும்.

மணிமேகலையில் புகார் நகரத்துச் சுடுகாடான சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் இடத்தில் "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்" என்று ஐந்து வழக்கம் ஒரே மூச்சில் வருகிறது: எரிப்பது, வெளியே இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது. ஒரே ஊர்ச் சுடுகாட்டில் ஐந்து விதம் என்றால், ஒரு மலை முழுக்க உள்ள கல்திட்டைகளுக்கெல்லாம் ஒரே விடை கேட்பது என்ன நியாயம்?

இன்னொன்று. செத்தவர்க்கு எடுத்ததாகவே இருக்கட்டும், எடுத்தவர்கள் அதற்குச் சுவரும் கூரையும் வாசலும் வைத்துத்தான் எடுத்தார்கள். வீடு என்று அப்பா சொல்வதில் பிழையே இல்லை. குடியிருந்தவர் யார் என்பதில்தான் தகராறு. இந்த வாரம் சாப்பாட்டை நிம்மதியாக முடியுங்கள்.

கே: எங்கள் பக்கத்துக் கல்வீட்டுக்குள் நீளநீளமாக, வழவழவென்று ஆற்றுக்கல் குவிந்து கிடக்கிறது. ஆதிமனிதனின் ஆயுதம் என்று ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். உண்மையா?
– வாசகி, கோத்தகிரி

வீட்டைக் கட்டியது யார், கல்லை வைத்தது யார் என்று இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. வீடியோக்காரர் இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டார்.

நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவர் 1872-இல் இறந்துபோக, மறுவருஷம் மனைவிதான் புத்தகத்தை வெளியே கொண்டுவந்தார். குறும்பர், இருளர் குடிகளில் ஒரு சாவு விழுந்தால், ஓடையில் உருண்டு தேய்ந்த நீளக்கல் ஒன்றைக் கொண்டுபோய்ப் பழைய கல்வீட்டுக்குள் வைப்பார்கள் என்று அதில் இருக்கிறது. வீடு ஒரு காலம், உள்ளே உள்ள கல் ஒரு காலம். பழையவர்கள் எதற்காகக் கட்டியிருந்தாலும் பின்னால் வந்தவர்கள் அதைத் தங்கள் சாவுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த குவியல் இந்த வகையாகத்தான் இருக்கும். ஒரு கல்லையும் எடுத்து வராதீர்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு வைத்தது.

பக்கத்துக் குறும்பர் பதியில் போய்க் கேட்டிருந்தால் வீடியோக்காரருக்கு அரை நாளில் விடை கிடைத்திருக்கும். இந்த வியாதி புதிதல்ல. 1847-இல் கான்கிரீவ் என்ற படை அதிகாரி நீலகிரிக் கல்வட்டங்களைப் பார்த்துவிட்டு, தோடர்களுக்கும் ஐரோப்பாவின் பழைய துருயிது பூசாரிகளுக்கும் உறவு கட்டி மெட்ராஸ் பத்திரிகையில் நீளமாக எழுதினார். தோடர்கள் எருமையைப் பார்த்துக்கொண்டு தம் பாட்டுக்கு இருந்தார்கள்.

கே: ஸ்காட்லாந்தில் கிடைத்த குமிழ் குமிழான கல் உருண்டைகளின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எதற்கென்று உலகத்தில் யாருக்குமே தெரியாதாம். உங்களுக்குத் தெரியுமா?
– வாசகர், கொடைக்கானல்

கொழுப்பைப் பாருங்கள்! எனக்கும் தெரியாது.

தெரிந்தது இவ்வளவு: நானூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் வடகிழக்கே அபர்தீன் பக்கம். சுமார் 5000 வருஷப் பழசு. குறுக்கே 7 செ.மீ. போல, கைக்கு அடங்கும். ஆறு குமிழ் உள்ளதுதான் அதிகம். எறிகிற ஆயுதம் என்றார்கள். ஆனால் அத்தனை நாள் உட்கார்ந்து செதுக்கியதை எவன் வீசி எறிவான்? எடைக்கல் என்றார்கள், எடை ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சபையில் கையில் வைத்திருப்பவர்தான் பேசலாம் என்று ஒரு யோசனை. பெருங்கற்களை உருட்ட அடியில் போட்டது என்று இன்னொன்று.

வழக்கு தீராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். பெரும்பாலானவை உழும்போது தனியாக அகப்பட்டவை. கல்லறையில் கிடந்ததா, அடுப்படியில் கிடந்ததா, பக்கத்தில் என்ன இருந்தது என்று பலவற்றுக்குப் பதிவே இல்லை. ஆர்க்னித் தீவின் ஸ்காரா ப்ரே குடியிருப்பில் கிடைத்தவை போல இடத்தோடு அகப்பட்டவை கொஞ்சம்தான். நாங்கள் நட்ட சர்வே கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வயல் மூலையில் நின்றால் எல்லை. பிடுங்கி வாய்க்காலில் போட்டால் துவைக்கிற கல். பெரும்பாறைப் பக்கம் ஒன்றுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் இருந்த அம்புக்குறியைச் சூலம் என்றார் பூசாரி. அரசாங்கக் கல் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. எல்லையை யாரும் நகர்த்தமாட்டார்கள் அல்லவா!

கே: கிரேன் இல்லாமல் அவ்வளவு பெரிய மூடுகல்லை எப்படி ஏற்றினார்கள்? வேற்றுக்கிரகத்தார் உதவியா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பாறை தானாகவே வெங்காயத் தோல் மாதிரி பலகை பலகையாக விட்டுக்கொடுக்கும். தீ மூட்டிச் சூடேற்றினால் இன்னும் சுலபம். அப்புறம் கடப்பாறைக்குப் பதில் மரக்கம்பு, மண்ணைக் கொட்டி ஒரு சரிவு, ஊர் ஆட்கள், வேலை முடிந்ததும் ஒரு விருந்து. வேற்றுக்கிரகத்தார் வந்திருந்தால் கூரையை இன்னும் கொஞ்சம் உயரமாக வைத்திருப்பார்கள்.

கே: ஆரஞ்சுக் கன்றுக்குக் குழி எடுத்தபோது கருங்கல் ஒன்று கிடைத்தது. ஒரு சாணுக்குக் குறைவு. ஒரு முனை கூம்பு, மறுமுனை அகலமாக, தீட்டினது போலக் கூர். இடி விழுந்த கல், சாமி மாடத்தில் வை என்கிறார் பாட்டி. வெளியூர்க்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். இது என்ன? கொடுக்கலாமா?
– வாசகர், தடியன்குடிசை

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புதிய கற்கால மெருகேற்றிய கற்கோடரி. கல்லைச் செதில் செதிலாக உடைத்து, கொத்திச் சமனாக்கி, மணலும் தண்ணீரும் விட்டுப் பாறையில் தேய்த்து எடுத்தது.

சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, வாய்ப்பக்கத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இரண்டு புறமும் ஒரே மாதிரி சரிந்து வந்து கூரில் சேர்ந்தால் கோடரி. ஒரு புறம் தட்டையாகவும் மறுபுறம் மட்டும் சரிவாகவும் இருந்தால் ஆசாரி மரம் இழைக்கிற வாய்ச்சி போல வேலை செய்தது. பிறகு வாயில் சின்னச் சின்ன உடைசல், கோடு கோடாகக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மரத்தையோ மண்ணையோ கொத்தித் தேய்ந்தது. மொழுமொழுவென்று புதுசு போல இருந்தால் வேலைக்கு இல்லாமல் மரியாதைக்கு வைத்திருந்ததாகவும் இருக்கலாம். கருவியா, பூசைப்பொருளா என்று அடித்துக்கொள்கிறவர்கள் முதலில் இந்த வாயைத்தான் பார்க்க வேண்டும்.

பாட்டியைக் கேலி செய்யாதீர்கள். சேர்வராயன் மலையில் இதே போன்ற கற்கள் சின்னச் சின்னக் கோயில்களில் சாமியோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்ததை, பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவி கண்டெடுத்த புவியியல் ஆய்வாளர் புரூஸ் ஃபூட் பதிவு செய்திருக்கிறார். காடு திருத்தச் செய்ததை எத்தனையோ தலைமுறை கழித்து இன்னொருவர் கும்பிடுகிறார். எனக்கு இரண்டுமே அந்தக் கல்லின் வேலைதான்.

விற்பதா, மூச்சு விடாதீர்கள்! பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. பழம்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1972 சட்டம். வெளியூர்க்காரரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள், மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார்.

சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க வேண்டாம், எண்ணெயும் தடவ வேண்டாம். எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணில், கூடவே ஓடோ கரியோ கிடந்ததா என்று இன்றைக்கே எழுதிவைத்து, கல்லைக் குழியோடு சேர்த்துப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை குழியை மூட வேண்டாம். கன்றை நாலடி தள்ளி வையுங்கள், ஆரஞ்சு அங்கேயும் காய்க்கும்.