பெயர் இருக்கிறது, முகம் இல்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது சிப்பாய்கள் பாஸ்டன் நகரக் கூட்டத்தைச் சுட்ட ‘பாஸ்டன் படுகொலை’யைக் காட்டும் இரண்டு பழைய அமெரிக்க அச்சுப்படங்களைப் பார்த்தேன். பாஸ்டன் செதுக்கோவியர் பால் ரெவியர் 1770-ல் வெளியிட்டதில் சுடுகிறவர், சாகிறவர் எல்லாருமே வெள்ளையர். 1856-ல் வந்த படத்திலோ நட்டநடுவில் ஒரு கறுப்பர் குண்டடிபட்டுச் சாய்கிறார். அங்கே இல்லாத ஒருவரைத் தேசபக்திக்காகப் படத்தில் நுழைத்துவிட்டார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இல்லை, அவர் அங்கே இருந்தார். கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்ற மாலுமி. ஆப்பிரிக்க வழியும் அமெரிக்கப் பழங்குடி வழியும் கலந்தவர். 1770 மார்ச் 5 இரவு பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் இறந்த ஐந்து பேரில் ஒருவர். ரெவியரின் படத்துக்குக் கீழே உள்ள வரிகளைப் பாருங்கள், இறந்தவர்களின் பெயர்களோடு அட்டக்ஸின் பெயரையும் அவரே பொறித்திருக்கிறார். பெயர் இருக்கிறது, முகம் இல்லை. எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம் இது.

சரி, 86 வருடம் கழித்து அந்த முகம் எப்படி வந்தது? 1850-ல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தது. 1854-ல் வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்த அந்தோனி பர்ன்ஸை பாஸ்டனில் பிடித்து, மறுபடி அடிமையாகத் திருப்பி அனுப்ப, துருப்புகள் சூழ ஸ்டேட் தெரு வழியாகக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அட்டக்ஸ் விழுந்த அதே தெரு! வில்லியம் கூப்பர் நெல் என்ற கறுப்பின வரலாற்றாளர் அட்டக்ஸுக்கு நினைவுச்சின்னம் கேட்டு 1851-லேயே மனுக் கொடுத்திருந்தார், நிராகரித்துவிட்டார்கள். அப்புறம்தான் வில்லியம் சாம்ப்னி வரைந்து, பஃபோர்டின் கல்லச்சில் இந்த வண்ணப்படம் வந்தது. இந்த நாடு பிறக்க முதலில் ரத்தம் சிந்தியவர்களில் ஒரு கறுப்பரும் உண்டு என்று அடிமைமுறையை எதிர்த்தவர்கள் சொல்லிவந்த காலம் அது.

சாம்ப்னியும் நேரில் பார்த்தவர் அல்ல, அட்டக்ஸின் முகம் அவருடைய கற்பனைதான். ஆனால் ரெவியர் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி, தளபதியின் ஆணைப்படி சுடுவதாகக் காட்டினார். நடந்தது தள்ளுமுள்ளு. அந்தக் குழப்பம் 1856 படத்தில்தான் தெரிகிறது. அட்டக்ஸின் கை சிப்பாயின் துப்பாக்கியைப் பிடித்திருக்கிறது, கவனித்தீர்களா?

நெல் 1874-ல் இறந்தார். அவர் கேட்ட நினைவுச்சின்னம் 1888-ல் பாஸ்டன் காமன் பூங்காவில் எழுந்தது. அதன் வெண்கலப் புடைப்புச் சிற்பத்தில் முன்னால் விழுந்து கிடப்பவர் அட்டக்ஸ்.