கர்ப்பமா இருக்கும்போது மனசு சரியில்லன்னா குழந்தைய பாதிக்குமா?

ஏழாவது மாசம், காரணமே இல்லாம அழுகை வருது, குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமானு கேட்டிருக்கீங்க. ரெண்டு நாள் அழுததால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்க, அந்த பயத்த முதல்ல விடுங்க. ஆனா ரெண்டு வாரமா தூக்கமில்லாம, சாப்பாடு இறங்காம, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா அது டிப்ரஷனா இருக்கலாம், வீட்ல மசக்கைனு சொல்லி விட்டுடுவாங்க, வளைகாப்புல சிரிச்சுக்கிட்டே வளையல் போட்டுக்குற பொண்ணுக்குள்ள என்ன ஓடுதுனு யாருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கர்ப்பிணிகள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை வருது, பிரசவத்துக்கு அப்புறம் 13 சதவீதம், பெரும்பாலும் டிப்ரஷன்தான்.

கவனிக்காம விட்டா குறைமாசப் பிரசவம், எடை கம்மியா பொறக்குறது இதுக்கெல்லாம் வாய்ப்பு கூடுது, பிரசவத்துக்கு அப்புறமும் அது தொடரலாம். குழந்தை பொறந்த மூணாம் நாலாம் நாள் வர்ற அழுகை வேற, அது ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும்.

செக்கப் போறப்ப டாக்டர்கிட்ட ஓப்பனா சொல்லுங்க, எடின்பர்க் ஸ்கேல்னு 10 கேள்வி இருக்கு, டிப்ரஷன் இருக்கானு அத வச்சு பாப்பாங்க, தைராய்டு, ஹீமோகுளோபினும் பாக்கச் சொல்லுங்க. ஏற்கனவே மனசுக்கு மாத்திரை எடுத்தா நீங்களா நிறுத்தாதீங்க, கர்ப்பம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு அவங்க சொல்ற மாதிரி மாத்துங்க. பேச ஆளில்லன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம். செத்துடலாம்னு தோணுச்சுனா மட்டும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.