பேருந்து நிலையத்தில் கிடப்பவர் யாருடைய பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பல மாதங்களாகக் கிடக்கிறார். தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார், காலில் ஆறாத புண். காவல் நிலையத்தில் சொன்னால் நகராட்சிக்குப் போகச் சொல்கிறார்கள். நகராட்சியோ, மனநிலை சரியில்லாதவரைக் காப்பகத்தில் சேர்க்க இயலாது, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்கிறது. அங்கே, உடன் இருக்க யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். இவர் யாருடைய பொறுப்பு, ஐயா?
(ஊர்ப் பெயரை வெளியிட விரும்பாத டெல்டா வாசகர்)

பதில்: முதல் பொறுப்பு காவல் நிலையத்துக்குத்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, மனநோயால் தம்மைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைந்து திரிபவரைத் தம் எல்லைக்குள் கண்டால், நிலையப் பொறுப்பு அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்ப்பிக்க வேண்டும்; எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவராயின், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலையத்தின் கடமையே.

மருத்துவமனை கேட்ட கேள்விக்கும் அதே சட்டத்தில் விடை இருக்கிறது. நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை முடிவுகளில் நோயாளிக்குத் துணை நிற்பவராக, இருக்க யாரும் இல்லாதவருக்குச் சமூக நலத்துறை இயக்குநரோ அவர் குறிப்பிடும் அலுவலரோ அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. வீடற்றவருக்குச் சிகிச்சை இலவசம். அதற்கு வறுமைக்கோட்டு அட்டை காட்ட வேண்டியதில்லை. ஆக, உடன் வர ஆளில்லை என்பது அவரைத் திருப்பி அனுப்பக் காரணமாகாது.

நகராட்சியின் பங்கு அதன் பிறகு வருகிறது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்க நெறிமுறை ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம் ஒன்று என்று அளவு வைத்தது. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் அது பொருந்தலாம். வேளாங்கண்ணியோ ஒரு லட்சம் மக்கள் இல்லாத பேரூராட்சி; அந்த அளவுக்குள் அது வராது. நேர்ந்துகொண்டு அழைத்துவரப்பட்டுக் கைவிடப்படுகிறவர்கள் திருத்தலங்களில்தான் தங்கிவிடுகிறார்கள், மக்கள்தொகை பார்த்து அல்ல. ரயில் நடைமேடையில் கிடந்தால் இருப்புப்பாதைக் காவல், வாசலைத் தாண்டி வெளியே படுத்தால் ஊர்க் காவல் நிலையம் என்ற எல்லைத் தகராறு வேறு.

என் கணிப்பில், பெரும்பாலும் கோட்டை விடப்படுவது சேர்க்கும்போது அல்ல, மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது. புண் ஆறியதும் மாத்திரைச் சீட்டுடன் வாசலில் விட்டால் அவர் பழைய இடத்துக்கே திரும்புவார். மாதாந்திர ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் இதைத் தீர்ப்பதில்லை. அவற்றில் எண்ணிக்கைகள் வாசிக்கப்படுகின்றன, ஆட்களின் பெயர்கள் அல்ல. மாவட்டத்துக்கு ஒரே பதிவேடு வைத்து, எந்தத் துறை யாரிடம் எந்த நாளில் ஒப்படைத்தது, பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டவர் யார் என்று நபர்வாரியாக எழுதினால் போதும். பெரிய நிதி வேண்டியதில்லை.

நீங்கள் காவல் நிலையத்தில் 100ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் மனுக் கொடுத்து ரசீது பெறுங்கள். அதன் நகலைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கொடுங்கள். அந்த ரசீது கையில் இருந்தால் அடுத்த அலுவலகத்தில் பேச்சே வேறு.

கேள்வி: முகவரி இல்லாதவர் வாக்காளர் பட்டியலில் சேர முடியுமா?

பதில்: முடியும். படிவம் 6இல் தாம் உறங்கும் இடத்தைக் குறிப்பிட வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து பார்த்து உறுதி செய்தால் போதும், தனி முகவரிச் சான்று தேவையில்லை.